இனி கையுறையை யார் காயவைப்பது? – கடிதம்

வணக்கம் சார்,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஜனவரி நடுவில் என் அப்பா தவறிவிட்டார். வயது 82. இதயம் பலவீனமாகி நாலைந்து வருடம் ஆகிறது. வருடத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் ஊரில் நாங்கள் இருக்கிறோம். அவரும் எங்களோடுதான் இருந்தார். ராத்திரி தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது. விடிகாலையில் முதலில் பார்த்தது என் மனைவி.

அன்று இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. வாசலில் முழங்கால் அளவுக்குக் கிடந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா சார்? ஷவலை எடுத்துக்கொண்டு வெளியே போய் பனி அள்ளினேன். ஸ்ட்ரெச்சர் வர வழி வேண்டுமே. அப்பா உள்ளே கிடக்கிறார், நான் வெளியே ஓரம் பிசகாமல் பாதை வெட்டிக்கொண்டிருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அதற்கப்புறமும் நிறுத்தவில்லை. இரண்டு விரல்கடை விழுந்தாலே இறங்கிவிடுகிறேன். ‘ஒரு தடவை உட்கார்ந்து அழுதுடுங்க, ஏன் இப்படி ஓடிக்கிட்டே இருக்கீங்க’ என்கிறாள் மனைவி. எனக்கு அழுகை வரவில்லை.

மகளுக்கு வயது 9, மகனுக்கு 5. தாத்தாவை எடுத்துப்போன அன்று சாயங்காலமே சின்னவன் பனிமேட்டில் சறுக்கி விளையாடினான். அவன் சிரிக்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. பெரியவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மூன்றாம் நாள் வந்து ‘தாத்தா ரூம் இனி எனக்கா?’ என்று கேட்டாள். மனைவி பதறிப்போய்த் திட்டிவிட்டாள்.

அப்பாவுக்கென்று வீட்டில் சில வேலைகள் உண்டு. சாயங்காலம் பிள்ளைகள் கழற்றிப்போடும் ஈரக் கையுறைகளைப் பொறுக்கி, ஜோடி சேர்த்து, ஹீட்டர் மேல் காயவைப்பார். இப்போது காலையில் ஒரு கையுறை கிடைக்கிறது, இன்னொன்று கிடைப்பதில்லை. பள்ளிக்கூடப் பஸ் வரும் நேரத்தில் வீடு தலைகீழாகிவிடுகிறது. போன வாரம் சின்னவன் பூட்ஸை மாட்டிக்கொண்டே, ‘இனி கையுறையை யார் காயவைப்பா?’ என்றான். எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. பனி விழும்போது அப்பா தன் கறுப்புக் கோட்டின் கையை நீட்டுவார். அதில் விழும் பனிச்சில்லைப் பூதக்கண்ணாடி வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவார். அந்தக் கண்ணாடி இன்னும் கோட்டுப் பையிலேயே இருக்கிறது.

தரை உறைந்து கிடப்பதால் அடக்கம் ஏப்ரல் கடைசிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. எதுவுமே முடியாத மாதிரி இருக்கிறது. அதற்குப் பிள்ளைகளை அழைத்துப்போகலாமா? ‘மண்ணுக்குள்ளே தாத்தாவுக்குக் குளிராதா?’ என்று கேட்கிறான், என்ன சொல்வது? ‘தாத்தா தூங்கிட்டார்’ என்று மனைவி சொன்னதிலிருந்து ராத்திரியில் தூங்கமாட்டேன் என்று அடம் வேறு. கடைசியாக ஒன்று. குளிர் இல்லாத இடத்துக்கு அனுப்பி வைத்திருந்தால் அப்பா இன்னும் சில வருடம் இருந்திருப்பாரோ?

(பெயர் வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

வாசல் பனியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்விகளில் அது இல்லை. ஆனாலும் கடிதத்தில் அதிகம் கனப்பது அதுதான்.

வழி வேண்டியிருந்தது, வெட்டினீர்கள். கூசுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. உள்ளே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருந்தால், ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வந்தவர்கள் அந்தப் பனியில் தடுமாறியிருப்பார்கள். உங்கள் அப்பா அந்த வாசலைக் கடைசியாகக் கடந்துபோனது மகன் வெட்டிய பாதையில். ஓரம் பிசகாமல் வெட்டினேன் என்று குற்ற உணர்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். ஏன் பிசக வேண்டும்?

துக்கம் என்றால் எல்லா வேலையையும் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுவது, வேலை செய்வது என்றால் துக்கத்திலிருந்து தப்பி ஓடுவது என்று நம் மனதில் ஒரு கணக்கு இருக்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷூட்டும் 1999இல் இதைப் பற்றி எழுதினார்கள். இறந்தவரை நினைத்து உருகுவது ஒரு பக்கம். அவர் இல்லாத வீட்டை நடத்துவது, அவர் செய்த வேலையை வேறு ஆள் செய்யக் கற்றுக்கொள்வது, சற்று நேரம் எல்லாவற்றையும் மறந்திருப்பது இன்னொரு பக்கம். மனிதர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருக்கிறார்கள், அந்தப் போக்குவரத்துதான் துக்கம் என்பது அவர்கள் வாதம். எந்தப் பக்கமாவது ஒரேயடியாக மாட்டிக்கொண்டால்தான் கவலைப்பட வேண்டும். எனக்கு இது சரியாகவே படுகிறது. பனிக்காலத்து வீட்டில் வேலையை நிறுத்தி வைத்துவிட்டுத் துக்கம் கொண்டாட முடியாது. நீங்கள் அழுகிறீர்களா இல்லையா என்று பார்த்து பனி பெய்வதில்லை. பூட்ஸில் ஒட்டிவந்த உப்பு தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படியும். ஈரக் காலுறையை எடுத்துப் பிழியத்தான் வேண்டும். நடுவில் அவருடைய தொப்பி கண்ணில் படும். அப்படித்தான் நடக்கும்.

இந்த இடத்தில் துக்கத்தின் ‘ஐந்து நிலைகள்’ பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸப்பில் உங்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பார்கள்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது, தீராத நோயில் சாவை எதிர்நோக்கிக் கிடந்தவர்களோடு பேசிப் பேசி. அது பிழைத்திருப்பவர்களுக்கான கால அட்டவணையாகிப் போனது பிற்பாடு. எந்த ஸ்டேஷனில் நிற்கிறோம் என்று நீங்கள் தேட வேண்டாம்.

அடுத்தது உங்கள் மனைவி சொல்வது. இதை அவரும் வாசிப்பார் என்று நினைத்தே எழுதுகிறேன். டெர்ரி மார்ட்டின், கென்னத் டோக்கா என்று துக்கத்தை ஆராய்ந்த இரண்டு பேர், துக்கப்படுவதில் இரண்டு வழி உண்டு என்கிறார்கள். சிலருக்கு அது உணர்ச்சியாகப் பொங்கும், பேசி அழுதால் ஆறும். சிலருக்கு அது கை கால் வழியாகத்தான் வெளியே வரும், எதையாவது செய்தாக வேண்டும். ஆண் பெண் என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். பெரும்பாலோர் இரண்டும் கலந்தவர்கள். நீங்கள் இரண்டாம் வகைப் பக்கம் சாய்ந்தவர் போலத் தெரிகிறது. கண்ணீர் வந்தால் வரட்டும், வராவிட்டால் அப்பா மேல் பாசம் இல்லை என்று ஆகிவிடாது. பனி அள்ளும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் பாரம் தூக்கினால் இதயத்துக்கு அது பெரிய வேலை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான குளிர்காலப் பதிவுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். பெரும்பனி கொட்டிய மறுநாள் ஆண்களிடையே மாரடைப்புச் சாவு கூடியிருந்தது. அப்பாவுக்கு இதய நோய் இருந்த குடும்பம் உங்களுடையது. பனியைத் தூக்கி எறியாமல் தள்ளிவிடுங்கள், நடுநடுவே நின்று மூச்சு வாங்குங்கள், உங்களையும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

கடிதத்தை மறுபடி வாசித்தபோது இன்னொன்று உறுத்தியது. விடிகாலையில் அவரை முதலில் பார்த்தது உங்கள் மனைவி. அந்த ஒரு வரியோடு அவர் கடிதத்திலிருந்து போய்விடுகிறார். அப்புறம் வரும்போதெல்லாம் ஒன்று உங்களை அழச் சொல்கிறார், இல்லாவிட்டால் பிள்ளையைத் திட்டுகிறார், தப்பாக எதையோ சொல்லிவிடுகிறார். அந்த அறைக்கதவைத் திறந்தவர் அவர். தொட்டுப் பார்த்தவரும் அவராகத்தான் இருக்கும். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் உங்கள் கையைப் பிடித்து ‘அப்பா போயிட்டாரே’ என்றிருப்பார்கள். மருமகளிடம் யார் கேட்டார்கள்? உரிமையுள்ள துக்கம், உரிமையில்லாத துக்கம் என்று ஊர் ஒரு பிரிவினை வைத்திருப்பதை அதே டோக்கா 1989இலேயே எழுதினார். ஊர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத துக்கம் உள்ளுக்குள்ளேயே புழுங்கிக் கிடக்கும். ‘நீங்க அழுங்க’ என்று அவர் உங்களிடம் சொல்வதில், தான் அழ ஒரு துணை வேண்டும் என்பதும் கலந்திருக்கலாம். இது என் ஊகம்தான். இன்றைக்கு ராத்திரி பிள்ளைகள் தூங்கியபிறகு, அந்தக் காலையில் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போய்விடாமல் உட்கார்ந்திருங்கள். பனி பெய்தாலும் சரி.

இனி பிள்ளைகள். சின்னவன் அன்று சாயங்காலமே சிரித்து விளையாடியதில் எந்தத் தப்பும் இல்லை. துக்கத்தில் இருக்கும் குழந்தைகளோடு வேலை செய்பவர்கள், அவர்களின் துக்கத்தை மழைக்குட்டையில் குதிப்பதோடு ஒப்பிடுவார்கள். நாம் ஆற்றில் இறங்கிய மாதிரி துக்கத்தில் நடப்போம், நடந்துகொண்டே இருப்போம். குழந்தை தொபுக்கென்று குட்டைக்குள் குதிக்கும், அடுத்த நிமிடம் வெளியே வந்து ஓடிவிடும். திடீரென்று ராத்திரி சாப்பாட்டின்போது மறுபடி குதிக்கும். கண்ணீர் வந்த நேரத்தையும் சிரிப்பு வந்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

அவனுக்கு எது புரிந்திருக்கும், எது புரிந்திருக்காது என்பதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். ஹங்கேரியில் மரியா நாகி என்ற உளவியலாளர் 3 வயது முதல் 10 வயது வரையிலான 378 குழந்தைகளோடு பேசி, அவர்களைப் படம் வரையவும் எழுதவும் வைத்து, 1948இல் முடிவுகளை வெளியிட்டார். 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சாவு என்பது ஒரு பயணம், அல்லது ஒரு தூக்கம். போனவர் வேறெங்கோ இருக்கிறார், வருவார். நாகிக்குப் பின் வந்த ஆய்வாளர்கள் அவர் சொன்ன சிலவற்றை ஏற்கவில்லை. ஆனால் 5 முதல் 7 வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று விஷயம் பிடிபடுகிறது என்பதில் ஓரளவு ஒத்துப்போகிறார்கள்: செத்தவர் திரும்ப வரமாட்டார், செத்த உடம்பு எதையும் செய்யாது, எல்லாரும் ஒரு நாள் சாவோம். உங்கள் மகன் சரியாக அந்த வாசற்படியில் நிற்கிறான். இதில் இரண்டாவதுதான் பகுதி பகுதியாக உறைக்கும். ஓடமாட்டார், பேசமாட்டார் என்பது கண்ணுக்குத் தெரிவதால் சீக்கிரம் புரிகிறது. குளிராது, பசிக்காது, நம்மை நினைத்துக்கொண்டிருக்க மாட்டார் என்பது பிந்திப் புரிகிறது.

ஆகவே ‘தாத்தாவுக்குக் குளிராதா?’ என்பது அவன் வயதுக்கு மிகச் சரியான கேள்வி. அந்த இடத்தில் அழகான பதில் ஒன்று தயாராக நிற்கும், அதில் விழுந்துவிடாதீர்கள். புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். அதனால் பனி ஆழமாக மூடிய மண், வெளியே மைனஸ் இருபது அடித்தாலும், பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். விதைகளும் சுண்டெலிகளும் அதற்கடியில் பிழைத்துக் கிடக்கும். ‘பனி தாத்தாவைப் போர்வை மாதிரி மூடிக்கும் கண்ணா’ என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். சொன்னால், போர்த்திக்கொண்டு ஒருவர் உள்ளே படுத்திருக்கிறார் என்று அவன் எடுத்துக்கொள்வான். அப்புறம் கோடையில் என்ன செய்வார் என்பான். நேராகவே சொல்லிவிடுங்கள்: ‘தாத்தாவோட உடம்பு வேலை செய்றதை நிறுத்திடுச்சு. அதுக்குக் குளிர் தெரியாது, வலி தெரியாது, இருட்டும் தெரியாது.’ அடுத்த வாரம் மறுபடி கேட்பான். அதே பதிலை, அதே வார்த்தையில், சலிக்காமல் சொல்ல வேண்டும். முதல் தடவை சரியாகச் சொல்லவில்லையோ என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். அவன் கேட்பது புதுப் பதிலுக்காக இல்லை, பழைய பதில் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

தூக்கத்துக்கும் இதே வழிதான். உண்மையிலேயே அவர் தூக்கத்தில் போனதால் உங்கள் மனைவி வாயில் அந்த வார்த்தை வந்தது இயல்பு. அதை எடுத்துவிட்டு, ‘இறந்துட்டார்’ என்றே சொல்லப் பழகுங்கள். தாத்தாவுக்கு ரொம்ப வருடமாக இதயம் சரியில்லை, அதனால் இறந்தார், தூங்கினதால் இல்லை, உனக்கும் அக்காவுக்கும் இதயம் நன்றாக இருக்கிறது, நாளைக்குக் காலையில் எல்லாரும் எழுந்திருப்போம் என்று படுக்கையில் வைத்துச் சொல்லுங்கள். கொஞ்ச நாள் விளக்கைப் போட்டே வைத்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கையுறைக் கேள்விக்கு உங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது அப்பாவின் நினைவு. அவனுக்கு அது நிர்வாகக் கேள்வி. வீட்டில் சாவு விழுந்தால் குழந்தைகள் மனதில் ஓடுவது பெரும்பாலும் மூன்று சந்தேகங்கள்தான்: என்னால் ஆனதா, எனக்கும் வருமா, இனி என்னை யார் பார்த்துக்கொள்வார்கள். முதல் இரண்டையும் வாய்விட்டுக் கேட்க அவர்களுக்கு வராது. மூன்றாவது இப்படிக் கையுறை, பூட்ஸ், பஸ் என்று மாறுவேடத்தில் வரும். சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு, ‘இனிமே நானும் நீயும்’ என்று சொல்லிக் குவியலுக்கு முன்னால் உட்காருங்கள். இடது கையுறை வலது கையுறையைத் தேடிப் பிடிக்கும் வேலை அந்த வயதுக்கு விளையாட்டுதான். தாத்தா எந்த வரிசையில் வைப்பார் என்று அவனிடமே கேளுங்கள், உங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். வேலை நடந்தாக வேண்டும், முதலில் அது. அவரைப் பற்றிய பேச்சு தானாக நடுவில் வரும்.

பெரியவள் அறையைக் கேட்டதும் அதே ரகம்தான். அவளிடம் முதலில் மன்னிப்பு மாதிரி ஒன்று சொல்லிவிடுங்கள், ‘அம்மா பயந்துபோய்த் திட்டிட்டா’ என்றாலே போதும். பிறகு, அந்த அறையில் என்ன செய்ய நினைக்கிறாய் என்று கேளுங்கள். தம்பியிடமிருந்து தப்பிக்க என்பாள். அல்லது அந்த அறையின் வாசனை போய்விடக்கூடாது என்பாள். இரண்டும் சேர்ந்தேகூட இருக்கும். அடக்கம் முடிந்தபிறகு பேசலாம் என்று ஒரு தேதி சொல்லுங்கள், அந்தத் தேதியில் மறக்காமல் பேசுங்கள். 9 வயதில் அழாதவள் பள்ளிக்கூடத்தில், தோழியிடம், நாய்க்குட்டியிடம் எங்காவது அழுதிருப்பாள். இனிமேலும் அழலாம். ராத்திரித் தூக்கம், சாப்பாடு, படிப்பு மூன்றும் வாரக்கணக்கில் கெட்டுக்கொண்டே போனால் மட்டும், குழந்தைகள் மனநலம் தெரிந்த ஒருவரிடம் அழைத்துப்போங்கள். இது சின்னவனுக்கும் பொருந்தும்.

குளிர் இல்லாத இடத்துக்கு அனுப்பியிருக்கலாமோ என்று கேட்டீர்கள். குளிர்காலத்தில் சாவு கூடுவது உண்மை. அது விறைத்துச் சாவதால் அல்ல, பெரும்பாலும் இதயத்தாலும் மூச்சுக்குழாய் நோயாலும். ஆனால் 1997இல் ஐரோப்பாவின் பல பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், வெப்பநிலை அதே அளவு இறங்கும்போது பின்லாந்தைவிட ஏதென்ஸில்தான் சாவு அதிகம் கூடியது. குளிர் ஊர்க்காரர்கள் வீட்டைச் சூடாக வைத்திருந்தார்கள், வெளியே போகும்போது போர்த்திக்கொண்டு போனார்கள். மிதமான ஊரில் அந்தப் பழக்கம் குறைவு. உங்கள் அப்பா இருந்தது, கையுறை காயும் அளவுக்கு ஹீட்டர் ஓடிய வீட்டில். பலவீனமான இதயத்தோடு 82 வயது வரை, பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் இருந்திருக்கிறார். மிச்சச் சந்தேகத்தை அவருடைய டாக்டரிடம் நேராகக் கேட்டு முடித்துவிடுங்கள்.

பூதக்கண்ணாடியைக் கோட்டுப் பையிலிருந்து எடுங்கள். இறந்தவரோடு உள்ள உறவை அறுத்துக்கொண்டால்தான் ஆறும் என்ற பழைய எண்ணத்தை 1996இல் கிளாஸ், சில்வர்மேன், நிக்மேன் என்ற ஆய்வாளர்கள் மூவர் மறுத்து எழுதினார்கள். உறவு வேறு வடிவில் தொடரும், அது நோயல்ல என்றார்கள். உங்கள் வீட்டில் அந்த வடிவம் தயாராகவே இருக்கிறது. பிள்ளைகளுக்கு வில்சன் பென்ட்லியைப் பற்றியும் சொல்லலாம். அமெரிக்காவில் வெர்மான்ட் பக்கம் ஒரு விவசாயி வீட்டுப் பையன். 1885இல், 19 வயதில், ஒற்றைப் பனிச்சில்லை மைக்ராஸ்கோப் வழியாகப் படம் பிடித்தவன். ஆயுசு முழுக்க 5,000க்கு மேல் எடுத்தான். உங்கள் அப்பா கறுப்புக் கோட்டை நீட்டிய மாதிரி, அவனும் கறுப்புப் பலகையில்தான் பனியைப் பிடித்தான். ஒன்று மட்டும் கவனியுங்கள். கண்ணாடியையும் கோட்டையும் சற்று நேரம் வெளியே குளிரில் வைத்துவிட்டு அப்புறம் பாருங்கள். வீட்டுச் சூட்டோடு எடுத்துப்போனால் ஆறு முனையை எண்ணுவதற்குள் உருகிவிடும். மூச்சையும் அதன்மேல் விடக்கூடாது. உங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும், உங்களுக்குத்தான் அவர்கள் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

ஏப்ரல் வரை காத்திருப்பது புதிய விஷயம் இல்லை. தரை இறுகும் ஊர்களில், இயந்திரங்கள் வருவதற்கு முன்பு, குளிர்காலத்தில் இறந்தவர்களைக் கல்லறைத் தோட்டத்திலேயே ஒரு கல் அறையில் வைத்திருந்து, மண் இளகியபிறகுதான் அடக்கம் செய்தார்கள். இப்போது தரையைச் சூடாக்கும் கருவிகள் இருக்கின்றன, ஆனாலும் சிறிய கிராமத்துக் கல்லறைகளில் வசந்தம் வரை காத்திருக்கும் வழக்கம் இன்னும் உண்டு. முடியாத மாதிரி இருக்கிறது என்றீர்கள். ஆமாம், முடியவில்லை. பிள்ளைகளைத் தயார்செய்ய அவகாசம் கிடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், சாவு நடந்த வாரத்திலேயே அடக்கம் செய்பவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

அழைத்துப்போங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம். அங்கே என்னவெல்லாம் இருக்கும் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள்: ஒரு குழி இருக்கும், பெட்டி இருக்கும், மண்ணைப் போடுவோம், பெரியவர்கள் அழுவார்கள், அப்பாகூட அழலாம். ஆளுக்கு ஒரு பெரியவரைத் துணைக்கு வைத்துவிடுங்கள், நீங்களும் மனைவியும் தவிர வேறு யாராவது. நடுவில் போர் அடித்தாலோ பயந்தாலோ அவர் காருக்குக் கூட்டிப்போய்விடுவார். சின்னவன் வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், கிளம்பும் காலையில் மட்டும் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள், அந்த வயதில் பதில் மாறும். ஏப்ரல் கடைசியில் அங்கே சேறாகத்தான் இருக்கும். ரப்பர் பூட்ஸ் போன வருடத்தது இரண்டு பேருக்கும் கால் கொள்ளுமா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.